திரை வழியாக மன்றக் கூட்டம்: கலிபோர்னியாவில் தேர்வானவர்களுக்கு ஒரு செயலரின் குறிப்புகள்

கூட்டம் மாலை ஆறு மணிக்கு. நான்கு மணிக்கு என் மேசைத் தொலைபேசி ஒலிக்கும். "இன்று நேரில் வர முடியாது. ஜூமில் சேர்ந்துகொள்கிறேன். இணைப்பை மட்டும் அனுப்பிவிடுங்கள்." கலிபோர்னியாவில் ஒரு நகர மன்றத்தின் செயலர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். 2020க்குப் பிறகு இந்த அழைப்பு வராத மாதம் குறைவு. இணைப்பை அனுப்ப அரை நிமிடம் போதும். ஆனால் அனுப்பலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்குமுன் நான் கேட்டாக வேண்டிய கேள்விகள் பல. முதல் கேள்வியிலேயே மறுமுனையில் குரல் மாறிவிடும். "அலுவலகத்தில் எல்லாக் கூட்டமும் இப்படித்தானே நடக்கிறது?"

அலுவலகத்தில் நடக்கிறது, மன்றத்தில் நடக்காது. நம்மவர்களும் இப்போது இந்த மாநிலத்தில் நகர மன்றத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் போட்டியிட்டு வெல்கிறார்கள். பகல் முழுவதும் கணினித் திரையில் கூட்டம் நடத்திவிட்டு மாலையில் மன்றத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடுவதில்லை. பதவியேற்ற மூன்றாவது மாதத்தில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு செய்த சிறு பிழையால் ஒரு தீர்மானமே கேள்விக்குள்ளானதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள். உள்ளாட்சி அமைப்புகள் பொதுமக்களுக்குத் தெரியாமல் கூடிப் பேசி முடிவெடுப்பதை 1952இல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளேடு தொடராக எழுதி அம்பலப்படுத்தியது. அதன் விளைவாக, மொடெஸ்டோவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் எம். பிரவுன் கொண்டுவந்த சட்டம் 1953இல் நிறைவேறியது. இன்றும் அது பிரவுன் சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. தங்களுக்குப் பணி செய்யும் அமைப்புகளிடம் மக்கள் தங்கள் இறையாண்மையை ஒப்படைத்துவிடவில்லை என்று அதன் தொடக்கமே சொல்கிறது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். உறுப்பினர் எங்கே உட்கார்ந்து முடிவெடுக்கிறாரோ, அந்த இடமும் மன்றத்தின் ஒரு பகுதி. அது படுக்கையறையாக இருந்தாலும் சரி, விமான நிலைய நாற்காலியாக இருந்தாலும் சரி.

2020 மார்ச்சில் ஆளுநரின் அவசர ஆணைகள் பழைய கட்டுப்பாடுகளை நிறுத்திவைத்தன. மன்றம் முழுவதும் திரைக்குப் போனது. 2021இல் ஏபி 361 (ஏபி, எஸ்பி என்பவை மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளில் தொடங்கிய மசோதாக்களின் குறியீடுகள்), 2023 தொடக்கத்திலிருந்து ஏபி 2449, பிறகு சில திருத்தங்கள், கடைசியாக 2026 ஜனவரி 1 முதல் எஸ்பி 707 என்று விதி மாறிக்கொண்டே வந்தது. உங்களுக்கு முன் பதவியில் இருந்தவர் "நாங்கள் அப்படித்தான் செய்தோம்" என்று சொன்னால், எந்த ஆண்டில் செய்தார் என்று கேளுங்கள். பெருந்தொற்றுக் காலச் சலுகையைப் பலர் இன்னும் உரிமையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வழிகள் இரண்டு

இயற்கைப் பேரிடர் போன்ற அவசரநிலைப் பிரகடனத்துக்கும் ஆலோசனைக் குழுக்களுக்கும் தனி விதிகள் உண்டு. அவற்றை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான கூட்டத்துக்குத் தொலைவிலிருந்து வர விரும்பும் உறுப்பினர் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள்.

முதலாவது பழைய வழி. இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு இத்தனை முறை என்ற கணக்கும் இல்லை. ஆனால் நீங்கள் இருக்கும் இடம் நிகழ்ச்சி நிரலில் அச்சாக வேண்டும். அந்த இடத்தில் நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். பொதுமக்களில் யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும். அங்கிருந்தே அவர் மன்றத்தை நோக்கிப் பேசவும் வாய்ப்புத் தர வேண்டும். கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய எண்ணிக்கைக்கு, தேவையான உறுப்பினர்கள் நகர எல்லைக்குள் இருந்து பங்கேற்க வேண்டும்.

இரண்டாவது புதிய வழி. இதில் உங்கள் முகவரியை வெளியிட வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைக்கவும் வேண்டாம். பதிலுக்குச் சட்டம் ஏற்கும் தக்க காரணம் ஒன்று இருக்க வேண்டும், கேமரா இயங்க வேண்டும், ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பும் உண்டு.

தொலைபேசியில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "எந்த வழியில் வருகிறீர்கள்?" பதில் தெரியாமல் இணைப்பைக் கேட்காதீர்கள். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலக்கவும் முடியாது. முகவரியும் இல்லை, காரணமும் இல்லை என்றால் நீங்கள் வரவில்லை என்றுதான் குறிப்பேட்டில் ஏறும்.

பழைய வழியில் ஒரு விடுதிக் கதவு

பழைய வழி காகிதத்தில் எளிது. நடைமுறையில் அதன் சிக்கல் 72 மணி நேரத்தில் இருக்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம். நீங்கள் பங்கேற்கும் இடத்துக்கும் இந்த ஒட்டும் கடமை உண்டு.

எங்கள் உறுப்பினர் ஒருவர் மகளின் பட்டமளிப்புக்காக வேறு மாநிலம் போனார். கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை. அவர் விடுதிக்குப் போய்ச் சேருவது திங்கள் இரவு. அப்படியானால் சனிக்கிழமை மாலையே அந்த விடுதியில் தாளை ஒட்டியது யார்? அறை எண்கூட அவருக்கு இன்னும் தெரியாது. விடுதி வரவேற்பறைக்கு நான் தாளை மின்னஞ்சலில் அனுப்பினேன், தொலைபேசியில் விளக்கினேன், "சரி" என்றார்கள். திங்கள் இரவு அவர் போய்ப் பார்த்தபோது அந்தத் தாள் பணியாளர்கள் மட்டும் நுழையும் அறையின் உட்பக்கச் சுவரில், வேலை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நகர வழக்கறிஞரைக் கேட்டோம். அந்த உறுப்பினர் பங்கேற்க முடியாது என்ற ஒரே பதில்தான் வந்தது. அன்று இரண்டுக்கு இரண்டு என்று வாக்குகள் பிரிந்து ஒரு தீர்மானம் விழுந்தது. ஐந்தாவது வாக்கு மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு விடுதி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

அதன்பின் இப்படிச் செய்தோம், நீங்களும் செய்யுங்கள். தங்கும் அறையைக் கூட்ட இடமாகக் கொடுக்காதீர்கள். விடுதியின் தரைத்தளத்தில் சிறு கூட்ட அறை இருந்தால் முன்பதிவு செய்து அதன் பெயரைக் கொடுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரும் நுழைய முடிகிறதா என்று கேட்டுவிடுங்கள்; அதுவும் சட்டம் எதிர்பார்ப்பதே. விடுதியைவிட நூலகமோ வேறு ஊரின் நகர அலுவலகமோ கிடைத்தால் இன்னும் நல்லது. அங்குள்ளவர்களுக்கு அறிவிப்புத் தாள் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்காது. தாளை ஒட்டியவுடன் ஒட்டியவரிடமிருந்து ஒரு படம் வாங்குங்கள். எந்தச் சுவர், எந்தக் கதவு என்று படத்தில் தெரிய வேண்டும். அந்தப் படத்தைச் செயலருக்கு அனுப்புங்கள்.

சொந்த வீட்டிலிருந்து பழைய வழியில் பங்கேற்க நினைக்கிறீர்களா? வீட்டு முகவரி நிகழ்ச்சி நிரலில் வரும். வாசலில் தாள் தொங்கும். கூட்ட நேரத்தில் யார் மணி அடித்தாலும் உள்ளே அழைத்து உட்கார வைக்க வேண்டும். "யார் வரப்போகிறார்கள்" என்று எண்ணிக் கதவைப் பூட்டி வைத்திருப்பதுதான் விதிமீறல். ஒருவரும் வராவிட்டாலும் வந்தால் நுழைய முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகளும் முதியவர்களும் இருப்பவர்களை, குறிப்பாகச் சூடான விவாதம் நடக்கும் வாரங்களில், இந்த வழியில் போக வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

தக்க காரணம் எது?

புதிய வழியில் ஏற்கப்படும் காரணங்களைச் சட்டமே வரிசைப்படுத்துகிறது. குழந்தை, பெற்றோர், தாத்தா பாட்டி, பேரக்குழந்தை, உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை ஆகியோரைப் பராமரிக்க வேண்டிய தேவை, தொற்றும் நோய், உடல் அல்லது மனநிலை சார்ந்த தேவை, மன்றத்தின் அல்லது வேறொரு அரசு அமைப்பின் அலுவல் பயணம், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய குடும்ப உறுப்பினரைக் காக்க வேண்டிய நிலை, உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ திடீர் மருத்துவ அவசரம், ராணுவக் கடமை. முன்பு மருத்துவ அவசரத்தைத் தனியாக வைத்து அதற்கு மன்றத்தின் ஒப்புதல் கேட்டார்கள். இப்போது அதுவும் தக்க காரணங்களுக்குள் வந்துவிட்டது.

போக்குவரத்து நெரிசல் இதில் இல்லை. சொந்த நிறுவனத்தின் அலுவல் பயணம் இல்லை. விடுமுறை இல்லை, திருமணம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், தமிழ்நாட்டுப் பயணம். அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், அருகில் இருந்து பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறீர்கள் என்றால் அது பராமரிப்புத் தேவை. தாராளமாகத் தக்க காரணம். தம்பியின் கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்றால் இல்லை. அப்போது மிஞ்சுவது பழைய வழி. உங்கள் சித்தப்பா வீட்டு முகவரி கலிபோர்னிய நகரம் ஒன்றின் நிகழ்ச்சி நிரலில் அச்சாகும். அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் தாள் தொங்கும். அதற்கு அவர் சம்மதிப்பாரா என்று முதலில் கேளுங்கள். நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: இங்கே செவ்வாய் மாலை ஆறு மணி என்றால் அங்கே கோடையில் புதன் காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. நவம்பரிலும் மார்ச்சிலும் இங்கே கடிகாரத்தை மாற்றும் வாரத்தில் ஒரு மணி நேரம் தவறவிட்டவர்கள் உண்டு.

எத்தனை முறை? மன்றம் மாதத்துக்கு ஒரு முறையோ அதற்குக் குறைவாகவோ கூடினால் ஆண்டுக்கு இரண்டு கூட்டங்கள். மாதத்துக்கு இரு முறை கூடினால் ஐந்து. மூன்று முறையோ அதற்கு மேலோ கூடினால் ஏழு. ஒரே நாளில் தொடங்கும் கூட்டங்கள் ஒன்றாகவே கணக்காகும்; நான்கு மணிக்குப் பயிலரங்கு, ஆறு மணிக்கு முறையான கூட்டம் என்றாலும் ஒன்றுதான். இந்தக் கணக்கை என் மேசை இழுப்பறையில் ஒரு நீலக் குறிப்பேட்டில், உறுப்பினருக்கு ஒரு பக்கம் என்று எழுதி வைத்திருந்தேன். நீங்களும் தனியாக எழுதி வையுங்கள். மார்ச்சிலேயே நான்கைச் செலவழித்துவிட்டு அக்டோபரில் உண்மையான அவசரம் வரும்போது கையைப் பிசைய வேண்டாம்.

காரணத்தை எப்போது, எப்படிச் சொல்வது? தெரிந்தவுடனே சொல்லுங்கள். கூட்டத் தொடக்கத்தில் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் செயலருக்கும் அவகாசம் தேவை என்பதை எண்ணிப் பாருங்கள். சொல்ல வேண்டியது பொதுவான விவரம் மட்டுமே. மருத்துவ அவசரத்தை விவரிக்கப் பொதுவாக 20 சொற்களுக்கு மேல் தேவையில்லை என்று ஏபி 2449 எழுதியது; நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னது. நான் அந்த அளவையே இன்றும் பரிந்துரைக்கிறேன். "என் தந்தையைப் பராமரிக்க வேண்டியிருப்பதால் இன்று தொலைவிலிருந்து பங்கேற்கிறேன்." இவ்வளவு போதும். ஒருமுறை ஓர் உறுப்பினர் தம் மனைவிக்கு நடந்த அறுவைச் சிகிச்சையை மைக்கில் ஐந்து நிமிடம் விவரித்தார். அந்த அம்மாளின் அந்தரங்கம் இன்றும் நகரத்தின் காணொலிப் பதிவில் இருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நேரில் மூவர் இல்லாமல் கூட்டமே இல்லை

புதிய வழியைப் பயன்படுத்தும் நாளில் கோரம் முழுவதும் ஒரே இடத்தில், நகர எல்லைக்குள், பொதுமக்கள் வரக்கூடிய அரங்கில் நேரில் இருக்க வேண்டும். ஐவர் மன்றத்தில் மூவர். எழுவர் மன்றத்தில் நால்வர். திரையில் இருப்பவர் இந்த எண்ணிக்கையில் சேரமாட்டார். ஐவரில் இருவர் தக்க காரணத்தோடு திரையில், மூவர் அரங்கில் என்றால் கூட்டம் சரியாக நடக்கும். அந்த மூவரில் ஒருவர் எட்டரை மணிக்குக் குழந்தையை அழைத்துவர எழுந்து போய்விட்டால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே தொலைவில் இருக்கப் போகிறவர் செயலரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இன்று அரங்கில் எத்தனை பேர், கடைசிவரை இருப்பார்களா?"

உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. இது பலருக்குத் தெரியாது. குறைபாடு காரணமாக நேரில் வர இயலாத உறுப்பினர் தொலைவிலிருந்து பங்கேற்பது நியாயமான வசதி செய்து தருதலே என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2024 ஜூலையில் கருத்துரை வெளியிட்டார். எஸ்பி 707 அதைச் சட்டமாக்கியது. அப்படிப் பங்கேற்பவர் நேரில் வந்தவராகவே கருதப்படுவார், கோரத்திலும் சேருவார். இரண்டு, ஐந்து, ஏழு என்ற வரம்பு அவருக்குப் பொருந்தாது. அவரும் ஒலி ஒளி இரண்டோடும் வர வேண்டும், அறையில் 18 வயது நிரம்பியவர் யாராவது இருந்தால் சொல்ல வேண்டும். குறைபாட்டின் காரணமாகக் கேமராவில் இருக்க முடியாதவருக்கு அதிலும் விலக்கு உண்டு. இந்த உரிமையைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நடக்க முடியாததால் பதவியை விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அவர் கேட்டபோது இந்த வாசல் திறந்திருக்கவில்லை.

அறையில் யார்?

திரையில் வரும் உறுப்பினர், எந்த முடிவும் எடுக்கப்படுவதற்கு முன், தம்முடன் அறையில் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர் யாராவது இருக்கிறாரா என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். இருந்தால் அவர் தமக்கு என்ன உறவு என்று பொதுவாகச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். "என் மனைவி", "என் தாயைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்" என்றால் போதும்.

இந்தச் சின்ன விதியைத்தான் மிக அதிகமாக அலட்சியம் செய்கிறார்கள். ஒரு நிலப் பயன்பாட்டு விவகாரம்; அரங்கு நிரம்பி வழிந்தது. திரையில் இருந்த உறுப்பினர் "நான் தனியாகத்தான் இருக்கிறேன்" என்று அறிவித்துவிட்டார். நாற்பது நிமிடம் கழித்து அவர் மைக்கைத் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, திரைக்கு வெளியே யாரோ இருமினார்கள். வயதானவர் இருமல், நீளமான இருமல். அரங்கின் மூன்றாவது வரிசையில் இருந்த அம்மாள் எழுந்து நின்று, "அங்கே இருப்பது யார்?" என்று கேட்டார். இருமியது உறுப்பினரின் அப்பா. மருந்து எடுக்க அந்த அறைக்குள் வந்திருந்தார். அந்த நிலத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிட அமைதியை மறக்க முடியவில்லை. அரங்கில் இருந்த நூறு பேரும் அடுத்து அவர் சொன்ன எந்த வார்த்தையையும் நம்பும் நிலையில் இல்லை. யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

ஆகவே கதவில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள்: "கூட்டம் நடக்கிறது, உள்ளே வந்தால் சொல்லிவிட்டு வாருங்கள்." யாராவது வந்தால் உடனே தலைவரின் அனுமதி கேட்டு, "என் தந்தை இப்போது அறைக்குள் வந்திருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். ஐந்து நொடி வேலை. பதினேழு வயதுப் பிள்ளை பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தால் சட்டப்படி சொல்லத் தேவையில்லை. சொன்னால் யாருக்கும் நட்டமில்லை.

கேமரா, குரல், வாக்கு

தக்க காரண வழியில் ஒலியும் ஒளியும் இரண்டும் வேண்டும். செல்போனில் குரலை மட்டும் கொடுத்து வாக்களிக்க முடியாது. கேமராவை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற வழக்கத்தை அலுவலகக் கூட்டத்தோடு விட்டுவிடுங்கள். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். உங்கள் பின்னால் சன்னல் வேண்டாம். அரங்கத்தின் பெரிய திரையில் உங்கள் முகம் கரிய நிழலாகத் தெரியும், பின்வரிசையில் இருப்பவர் யார் பேசுகிறார் என்று அறியாமல் தவிப்பார். கம்பி வழி இணையம் கிடைத்தால் வைஃபையை நம்பாதீர்கள். கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன் சேர்ந்து செயலரோடு ஒலியைச் சோதித்துவிடுங்கள்.

தொலைவிலிருந்து ஒருவர் பங்கேற்றாலும் அன்று எல்லா வாக்குகளும் பெயர் கூப்பிட்டே எடுக்கப்பட வேண்டும். "எல்லோரும் சம்மதமா, எதிர்ப்பில்லை" என்று தலைவர் வேகமாக முடிக்கப் பார்த்தால் செயலர் நிறுத்துவார். உங்கள் பெயர் கூப்பிடப்பட்டதும் வாய் திறந்து "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்லுங்கள். கட்டைவிரல் காட்டுவதும் தலையசைப்பதும் என் குறிப்பேட்டில் வாக்காக ஏறியதில்லை. வாக்களிக்கும் நொடியில் படம் உறைந்தால், மீண்டும் வந்ததும் "என் வாக்கு கேட்டதா?" என்று நீங்களே கேளுங்கள். விவாதத்தின் பெரும்பகுதியில் இணைப்பு அறுந்திருந்தால் அந்தப் பொருளில் வாக்களிக்காமல் விலகி நிற்பதே நேர்மை. குடிமக்கள் சொன்னதைக் கேட்காதவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

உங்கள் இணைப்பு அறுவது ஒன்று. பொதுமக்களின் இணைப்பு அறுவது வேறொன்று. இரண்டாவதுதான் பெரியது. திரை வழிப் பங்கேற்பு நடக்கும் கூட்டத்தில் பொதுமக்களும் தொலைபேசி அல்லது காணொலி வழியே கூட்டத்தைக் கேட்கவும் அதே நேரத்தில் பேசவும் முடிய வேண்டும். "கருத்தை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்த முடியாது. அந்த வழி இடையில் அறுந்தால் அது சரியாகும்வரை நிகழ்ச்சி நிரலில் உள்ள எதன்மேலும் முடிவெடுக்கக் கூடாது. 30,000க்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகரங்களின் மன்றங்கள், உறுப்பினர் யாரும் திரையில் இல்லாத நாளிலும், 2026 ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு இந்த வழியைத் திறந்து வைக்க வேண்டும். அறுந்தால் குறைந்தது ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துச் சரிசெய்ய முயல வேண்டும். திரையில் இருக்கும் உறுப்பினருக்கு இதில் ஒரு வேலை உண்டு. அரங்கில் இருப்பவர்களுக்குப் பொதுமக்களின் இணைப்பு அறுந்தது தெரியாமல் போகலாம். உங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒலி நின்றதும் செயலருக்குத் தொலைபேசியில் அழையுங்கள். அவருடைய மேசை எண் உங்கள் கையருகே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விரல் நுனியில் இருக்கும் ஆபத்து

திரைக்கு முன்னால் இருக்கும்போது கை தானாகச் செல்போனைத் தேடும். பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே செய்தி பரிமாறி ஒரு கருத்துக்கு வருவதைப் பிரவுன் சட்டம் தடை செய்கிறது. ஐவர் மன்றத்தில் நீங்கள் ஒருவருக்கு அனுப்பிய செய்தியை அவர் மூன்றாமவருக்கு அனுப்பிவிட்டால் பெரும்பான்மை ஆகிவிட்டது. ஜூமின் தனி அரட்டைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும். "சொந்த செல்போன்தானே" என்றும் தப்பிக்க முடியாது. பொதுப்பணி குறித்த செய்திகள் தனிப்பட்ட சாதனத்தில் இருந்தாலும் பொது ஆவணங்களாகலாம் என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2017இல் சான் ஹோசே நகர வழக்கில் தீர்ப்பளித்தது. கூட்டம் முடியும்வரை செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். செயலரை அழைக்க ஒரு தொலைபேசி மட்டும் போதும்.

மூடிய அமர்வுக்கு இன்னும் கடுமையாக இருங்கள். வழக்கு, பணியாளர், நில விலை பற்றிய பேச்சு அங்கே நடக்கும். அது வெளியே போகக் கூடாது. வீட்டில் மற்றவர்கள் இருந்தால் காதில் ஹெட்போன் மாட்டி, கதவை உள்ளே பூட்டிக்கொள்ளுங்கள். காரில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் மூடிய அமர்வைக் கேட்ட ஒருவரை வழக்கறிஞர் உடனே வெளியேறச் சொன்னார். நிறுத்துமிடத்தில் கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது.

உங்களுக்குப் பண நலன் உள்ள பொருள் வந்தால், அரங்கில் இருப்பவர் அதை அறிவித்து எழுந்து வெளியே போவார். திரையில் இருப்பவரும் அறிவித்துவிட்டு இணைப்பிலிருந்து வெளியேற வேண்டும். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது வெளியேறுவதாகாது. அந்தப் பொருள் முடிந்ததும் செயலர் கூப்பிடுவார்.

இத்தனையும் எதற்கு என்றால், மீறி எடுத்த முடிவைத் திருத்தச் சொல்லி எந்தக் குடிமகனும் எழுதலாம், மன்றம் திருத்தாவிட்டால் நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாததாக்கலாம். பூங்காவுக்கு நிதி ஒதுக்கிய நல்ல தீர்மானமும் இப்படி விழும்.

கூட்டம் முடிந்தபின் உங்கள் வேலை முடிவதில்லை. அடுத்த கூட்டத்தில் இந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் ஒப்புதலுக்கு வரும். நீங்கள் தொலைவிலிருந்து பங்கேற்றது, எந்த விதியின்கீழ் என்பது, எப்போது இணைப்பு அறுந்து எப்போது திரும்பினீர்கள் என்பது, ஒவ்வொரு வாக்கும் சரியாக இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். உங்கள் கணக்கேட்டில் அந்தத் தேதியை எழுதி, மீதி எத்தனை என்று பக்கத்தில் குறியுங்கள். குறிப்பில் பிழை இருந்தால் ஒப்புதலுக்கு முன்பே செயலரிடம் சொல்லிவிடுங்கள். ஒப்புதலான பிறகு அதைத் திருத்த இன்னொரு நிகழ்ச்சி நிரலில் இடம் வேண்டும்; அதற்கும் 72 மணி நேரம் உண்டு.